ஊர் சுற்றுவது எப்படி? ஐந்து யூனிட்டில் ஒரு பாடம்



நம்ம இதழில் பைத்தானுக்குப் பாடம் வருது, கேட் தேர்வுக்குப் பாடம் வருது. எந்த செமஸ்டரிலும் வராத ஒரு பேப்பருக்கு இந்த முறை நான் பாடம் எடுக்கிறேன். பேப்பரின் பெயர்: பிளான் எதுவும் இல்லாமல் ஒரு நண்பனோடு ஓர் ஊரைச் சுற்றுவது எப்படி?

சிரிக்காதீங்க. இதில் தியரி இருக்கிறது, லேப் இருக்கிறது, கடைசியில் கேள்வித்தாளும் இருக்கிறது. வழக்கம்போல ஐந்து யூனிட். எந்த யூனிட்டையும் சாய்ஸில் விட முடியாது.

யூனிட் 1: முன்னுரை, அல்லது ஏன் இந்தப் பாடம்?

மூன்றாம் ஆண்டில் எங்க ஹாஸ்டல் பசங்க எல்லோரும் வேன் பிடித்துக் கொடைக்கானல் போனோம். இரண்டு நாளில் பதினான்கு இடம். எக்செல் ஷீட்டில் நிமிஷக் கணக்கில் பிளான். ஒவ்வொரு இடத்திலும் இறங்கு, போட்டோ எடு, ஏறு. திரும்பி வந்தபோது என் போனில் நானூறு படம் இருந்தது. பக்கத்து சீட்டில் என்னோடு வந்தவன் என் ரூம்மேட். அந்த இரண்டு நாளில் நாங்கள் பேசியதைக் கூட்டிப் பார்த்தால் "டேய் இறங்கு", "டேய் ஏறு", "சார்ஜர் இருக்கா?" என்ற மூன்றைத் தவிர வேறு எதுவும் தேறாது.

பிறகு ஏழாவது செமஸ்டர் வந்தது. நான் மெக்கானிக்கல், அவன் சிவில். எனக்கு ஆகஸ்டிலேயே வேலை கிடைச்சிடுச்சு. அவனுக்கு இரண்டு அரியர். அரியர் இருந்தால் பாதி கம்பெனிகளின் வாசலுக்கே போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். விட்ட ஒன்றிரண்டு இடங்களிலும் கடைசி ரவுண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தான்.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்லியாகணும். அவன் முன்னால் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஆரம்பித்தேன். அது அப்படியே வளர்ந்து, அவனோடு பேசுவதையே விட்டுட்டேன். அவன் ரூமுக்குள் வரும் சத்தம் கேட்டால் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். அவன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் சங்கடம் எனக்குத்தான். இரண்டு மாசம் இப்படியே ஓடிப்போச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி இன்டர்வியூ முடிந்து வந்தவன், ஷூவைக்கூடக் கழட்டாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எனக்கு என்ன தோன்றியதோ, ஹெட்போனைக் கழட்டிவிட்டுக் கேட்டேன்.

"நாளைக்கு எங்கயாச்சும் போலாமாடா?"

"எங்க?"

"தெரியல."

கொஞ்ச நேரம் யோசித்தான். "சரி" என்றான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் திருச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். முதலில் எந்த பஸ் கிளம்புதோ அதில் ஏறுவது என்று முடிவு. மதுரை பஸ் கிளம்பியது. ஏறிட்டோம்.

யூனிட் 2: தியரி

பிளான் இல்லாமல் சுற்றினால் தொலைந்துபோவோமா? இந்தக் கேள்விக்குக் கணிதத்தில் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொன்னவர் ஜார்ஜ் போலியா. ஹங்கேரியில் பிறந்து சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பேராசிரியராக இருந்தவர்.

போலியாவுக்குக் காட்டுப் பாதையில் இஷ்டத்துக்கு நடக்கும் பழக்கம் உண்டு. அவருக்குத் தெரிந்த ஒரு மாணவன் தனக்கு நிச்சயமான பெண்ணோடு அதே காட்டில் உலாவ வந்திருந்தான். போலியா ஒரு பக்கம் திரும்பினால் அவர்கள் எதிரே வந்தார்கள். வேறு பக்கம் போனால் அங்கேயும் அவர்களே. தங்களை வேவு பார்க்கத்தான் பின்னாலேயே வருகிறார் என்று நினைத்துவிடுவார்களோ என்று மனுஷனுக்கு ஒரே கூச்சம். நாமாக இருந்தால் வேறு பாதையில் ஓடியிருப்போம். அவர், "இஷ்டத்துக்கு நடக்கும் இரண்டு தரப்பு இத்தனை முறை சந்திக்க முடியுமா?" என்று கணக்குப் போட்டார். 1921-இல் அதற்கு விடை வெளியிட்டார்.

விடை இதுதான். கட்டம் கட்டமாகத் தெருக்கள் இருக்கும் ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையிலும் நாலு திசையில் ஒன்றை, முன்பு போன வழியைப் பற்றிக் கவலையே படாமல், குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து நடந்துகொண்டே இருங்கள். கிளம்பின இடத்துக்கு என்றாவது திரும்பி வந்துசேர்வதற்கான நிகழ்தகவு சரியாக 1. அதாவது வந்தே தீருவீங்க. ஒரே நேர்க்கோட்டில் முன்னும் பின்னுமாக நடந்தாலும் அப்படியே. ஆனால் பறவை மாதிரி மேலும் கீழும் போக முடிந்தால் கதை மாறிவிடும். முப்பரிமாணக் கட்டத்தில் திரும்பி வருவதற்கான வாய்ப்பு சுமார் 34 சதவீதம்தான்.

அடுத்த கேள்வி: எவ்வளவு தூரம் போய்விடுவோம்? ஒவ்வொரு அடியும் மற்ற அடிகளைச் சாராதது. தூரத்தை வர்க்கப்படுத்தி விரித்தால் வரும் குறுக்குப் பெருக்கங்களின் சராசரி எல்லாம் பூஜ்யமாகிவிடும். மிஞ்சுவது அடிகளின் எண்ணிக்கை மட்டும். ஆக, தூரம் ஏறத்தாழ அடிகளின் வர்க்கமூலம். நூறு முனை திரும்பினால் பத்துத் தெரு தள்ளி இருப்பீங்க. நானூறு திரும்பினாலும் இருபதுதான்.

இதிலிருந்து என்ன புரியுது? ஊரைக் கடக்க நினைப்பவனுக்கு ராண்டம் வாக் மிக மோசமான வழி. அதே சமயம், பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்க நினைப்பவனுக்கு அது நல்ல வழி. காலையில் பார்த்த டீக்கடையை மத்தியானமும் பார்ப்பீங்க. ரெண்டாவது தடவை கடைக்காரர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு எச்சரிக்கை. திரும்பி வருவோம் என்பது உறுதி. ஆனால் அதற்கு ஆகும் சராசரி நேரம் முடிவிலி. கடைசி பஸ் அவ்வளவு நேரம் நிற்காது.

யூனிட் 3: ஊரின் அமைப்பு

மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் பிடித்தோம். கோரிப்பாளையம் தாண்டி வைகைமேல் ஏ.வி. பாலம். 1889-இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலம் அது. அங்கிருந்து பெரியார் பஸ் நிலையம். இறங்கியதும் என் கை தானாகப் போனில் மேப்பைத் திறக்கப் போனது. அவன் தடுத்தான். "டேய், மதுரைக்கு மேப் எதுக்கு? தெருப் பேர்லயே இருக்கு."

அது நிஜம். மெக்கானிக்கல்காரன் எனக்கு அதுவரை தெரியாது.

மதுரையின் பழைய ஊர் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த சதுரங்கள். கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள். அதற்கடுத்து ஆவணி மூல வீதிகள். அதற்கடுத்து மாசி வீதிகள். எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதிகள். ஒவ்வொன்றுக்கும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று நாலு பக்கம். 5 × 4 = 20 பெயர்.

இப்போ கணித வகுப்பில் படித்த போலார் கோ-ஆர்டினேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்ற இரண்டு எண் போதும், எந்தப் புள்ளியையும் சொல்லிவிடலாம். "மேல மாசி வீதி" என்றால் என்ன? மேல என்பது கோணம், மாசி என்பது தூரம். கோயிலுக்கு மேற்கே, நாலாவது சுற்றில் நிற்கிறீங்க என்று அர்த்தம். ஒரு தெருப் பலகையைப் படித்தால் உங்க இருப்பிடம் தெரிந்துபோச்சு. திசை குழம்பினால் அண்ணாந்து பார்த்துக் கோபுரத்தைத் தேடுங்கள். அதுதான் ஆதிப்புள்ளி.

வெளி வீதிக்கு ஏன் அந்தப் பெயர்? அந்த இடத்தில் ஒருகாலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. ஊர் பெருகி உள்ளே நெருக்கடியானபோது, 1840-களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கோட்டையின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. நாங்களும் திரும்பி வரும்போதுதான் பார்த்தோம்.

கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்கர் 1960-இல் நகரங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மனிதர்கள் ஓர் ஊரை மனசுக்குள் ஐந்து விஷயங்களாக வைத்துக்கொள்கிறார்கள் என்றார்: பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம். அவர் ஆராய்ந்தது பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ். மதுரைக்கு நீங்களே நிரப்பிக்கொள்ளலாம். பாதை மாசி வீதி, விளிம்பு வைகை, வட்டாரம் தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகள், சந்திப்பு விளக்குத்தூண், அடையாளம் கோபுரம். எந்த ஊருக்குப் போனாலும் முதல் ஒரு மணி நேரத்தில் இந்த ஐந்தையும் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் தைரியமாக வழி தவறலாம்.

யூனிட் 4: லேப்

தேவையான பொருட்கள்: நண்பன் 1, ஒரு ரூபாய் நாணயம் 1, தண்ணீர் பாட்டில் 2, நல்ல செருப்பு. இரண்டு பேருக்கும் பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

செய்முறை: ஒவ்வொரு முனையிலும் இரண்டு முறை பூவா தலையா. இரண்டும் தலை என்றால் நேரே. தலை, பூ என்றால் வலது. பூ, தலை என்றால் இடது. இரண்டும் பூ என்றால் வந்த வழியே திரும்பணும், ஆனால் நாங்கள் அதை "உட்கார்" என்று மாற்றிக்கொண்டோம். எங்கே இடம் இருக்கோ அங்கே ஐந்து நிமிஷம் உட்காரணும். (கணக்கு மேடம் படித்தால், இது சுத்தமான ராண்டம் வாக் இல்லை என்று எனக்கும் தெரியும் மேடம்.)

முதல் கண்டுபிடிப்பு மேல மாசி வீதியில். இரண்டும் பூ விழுந்து உட்கார இடம் தேடும்போது ஒரு கதர்க் கடை. இந்த வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறினார். போலியா கட்டுரை வெளியிட்ட அதே 1921. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் பிளான் போட்டு வந்திருந்தால் இந்தக் கடையை பஸ் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

அடுத்து கோயில். 2018-இலிருந்து உள்ளே போன் கொண்டுபோக அனுமதி இல்லை. கவுன்டரில் கொடுத்துட்டு டோக்கன் வாங்கணும். பாக்கெட்டில் போன் இல்லாதபோது கை தானாக அதைத் தேடுவதை நீங்களே கவனித்துப் பாருங்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தோம். பத்து நிமிஷம் இரண்டு பேரும் பேசவே இல்லை. எனக்கு ஹெட்போனும் இல்லை. அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்க்காமல் இருக்க கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் நடை சாத்தும் நேரம் வந்ததும் எழுந்து வெளியே வந்துட்டோம்.

கிழக்கே புது மண்டபம். அதைத் தாண்டிப் போனால் கடைகளுக்கு நடுவே பெரிய பெரிய கல் தூண்கள், நுணுக்கமான வேலைப்பாடு, மேலே ஒன்றுமே இல்லை. ராய கோபுரம். திருமலை நாயக்கர் காலத்தில் ஆரம்பித்து, அடித்தளத்தோடு நின்றுபோனது. முடிந்திருந்தால் மதுரையின் எல்லாக் கோபுரங்களையும் அது சின்னதாக்கியிருக்கும். இவன் அண்ணாந்து பார்த்துட்டு முதல் தடவையாக அன்றைக்கு வாயைத் திறந்தான்.

"மச்சி, நாயக்கருக்கே அரியர் இருந்திருக்குடா."

இரண்டு மாசத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைச்சது. சிரிச்சே சமாளிச்சேன்.

விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். அந்த விளக்குத்தூண் கோட்டையை இடித்த அதே பிளாக்பர்ன் நினைவாக ஊர் மக்கள் வைத்தது என்பதை அதன் கீழே நின்று கிளாஸைக் காலி செய்யும் எத்தனை பேர் அறிவார்கள்? நாங்களும் அன்றைக்கு அறியாமல்தான் குடித்தோம். ஹாஸ்டலுக்கு வந்துதான் படித்தேன்.

பிறகு திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டியது. இன்று நாம் பார்ப்பது முழு அரண்மனையின் ஒரு பகுதிதான். மீதியில் பெரும்பகுதியை அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பிரித்து, நம்ம திருச்சிக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். மிஞ்சியதை 1860-களின் கடைசியில் சென்னை மாகாண கவர்னர் நேப்பியர் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் செய்வதுபோல் நான் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன். கைக்கு எட்டவே இல்லை. "எதுக்குடா இவ்ளோ குண்டு?" என்று சும்மா கேட்டேன்.

அவன் பதில் சொல்ல ஆரம்பித்தான். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். அதனால் மேலே நேர் உத்தரம் வைக்க முடியாது. நேர் உத்தரம் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். வளைவாகக் கட்டினால் எடை முழுக்க அமுக்கமாகவே கீழே இறங்கும். ஆனால் வளைவு சும்மா இறங்காது, கால்களை இரண்டு பக்கமும் வெளியே தள்ளும். ஒரு அடி எடையை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கு, உயரத்தின் எட்டு மடங்கால் வகு, அதுதான் அந்தத் தள்ளுவிசை. வளைவு தட்டையாக ஆக ஆகத் தள்ளல் கூடும். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் தூண் இவ்வளவு குண்டு. இதையெல்லாம் தரைத் தூசியில் விரலால் படம் போட்டுக் காட்டினான். சுண்ணாம்புக் காரை பற்றிச் சொல்லும்போது அவன் குரலே மாறியது. அவனுடைய அப்பா கொத்தனார். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் இவனை கைடு என்று நினைத்து, அடுத்த மண்டபத்துக்கும் கூட வந்துவிட்டது.

கால் மணி நேரம் பேசினான். எனக்குத் தெரிந்து அவனுடைய இரண்டு அரியரில் ஒன்று ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ்.

சாயங்காலம் காமராஜர் சாலை வழியாகக் கிழக்கே நடந்தோம். அரையாடையோடு காந்தி முதன்முதலாக மக்கள் முன் நின்ற காந்தி பொட்டல் அந்தச் சாலையில்தான். மூன்று கிலோமீட்டர் போல நடந்தால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். இதுவும் திருமலை நாயக்கர் வெட்டியது, 1645-இல். ஏறத்தாழ ஆயிரம் அடி நீளம், அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே, நடுவில் மைய மண்டபம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் இந்தக் குளம் என்று மதுரையில் சொல்வார்கள். சிவில்காரன் பாஷையில் பாரோ பிட். கரைச் சுவரில் ஏறி உட்கார்ந்தோம். காற்று நல்லா வந்தது. சுண்டல் வாங்கினோம்.

அங்கேதான் சொன்னான். படிப்பை நிறுத்துவதற்கான விண்ணப்பத்தை எழுதி வைத்திருந்தான். திங்கட்கிழமை ஆபீசில் கொடுப்பதாக இருந்தானாம். மேஸ்திரி வேலைக்கு அப்பாவோடு போய்விட்டால் கல்விக்கடனையாவது கட்ட ஆரம்பிக்கலாம் என்பது அவன் கணக்கு.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

"ரெண்டு மாசமா நான் உன்கிட்ட பேசவே இல்லடா" என்றேன்.

"தெரியும்."

"ஏன்டா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ ஹெட்போன் போட்டிருந்தியே."

கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் இன்னும் வலிச்சது. மன்னிப்புக் கேட்டேன். சுண்டல் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான். அப்புறம் ரொம்ப நேரம் பேசினோம். கேள்வி புரியுமாம், விடையும் தெரியுமாம், நேரம் ஓடுது என்ற பயம் வந்துவிட்டால் எல்லாம் கலங்கிப்போகுமாம். மூன்று வருஷம் ஒரே ரூமில் இருந்தும் இது எனக்குத் தெரியாது.

யூனிட் 5: பயன்களும் வரம்புகளும்

உங்களுக்கு ஒரு சினிமா முடிவு வேண்டும் என்றால் என்னிடம் இல்லை. அந்த விண்ணப்பத்தை அவன் திங்கட்கிழமை கொடுக்கவில்லை. அதற்கப்புறம் ராத்திரிகளில் போனில் மூன்று மணி நேரம் அலாரம் வைத்துப் பழைய கேள்வித்தாள்களை எழுதினான். நான் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து, மெக்கானிக்கல்காரன் மூளையோடு திருத்தினேன். ஒரு அரியர் போச்சு. இன்னொன்று இருக்கிறது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரையை அவன் படித்துவிட்டு, "சுண்டலுக்கு நான்தான் காசு குடுத்தேன், அதையும் எழுது" என்றான். எழுதிட்டேன்.

பயன் என்ன என்று கேட்டால், நேரத்தை நிரப்பாமல் விட்டால்தான் சில பேச்சு வெளியே வரும். பதினான்கு இடம் பார்க்கும் நாளில் அதற்கு இடமே கிடையாது. "என்னடா ஆச்சு, சொல்லு" என்று நேராகக் கேட்டாலும் வராது. பக்கத்தில் பக்கத்தில் நடக்கணும், பார்ப்பதற்கு வேறு ஏதோ இருக்கணும், அவசரம் இருக்கக் கூடாது. அப்போ வரும். வராமலும் போகலாம். அப்பவும் ஜிகர்தண்டா நஷ்டமில்லை.

வரம்புகளையும் சொல்லிடறேன். நடையில்தான் பிளான் கூடாது, திரும்புவதில் கட்டாயம் பிளான் வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனே விசாரித்து வையுங்கள். திரும்பும் காசைத் தனிப் பாக்கெட்டில் வையுங்கள். எந்த ஊரில் இருக்கிறோம் என்று வீட்டில் ஒருத்தருக்காவது சொல்லிடுங்க. மதுரை வெயிலில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடக்காதீங்க, கூரை உள்ள இடமாகப் பாருங்கள்.

இன்னொரு வரம்பை என் கிளாஸ்மேட் ஒருத்தி சுட்டிக்காட்டினாள். வரைவைப் படித்துவிட்டு, "உங்க ஹாஸ்டல்ல 'மதுரை'ன்னு எழுதினா கேட் திறக்கும். எங்க ஹாஸ்டல்ல எந்தத் தெரு, யார் வீடு, போன் நம்பர் என்னன்னு கேப்பாங்க. தெரியலன்னு எழுதினா அவுட்பாஸே கிடையாது" என்றாள். நியாயம். குருட்டாம்போக்கில் நடப்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. அவளும் தோழியும் அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சித்தி வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, பட்டப்பகலில் திருச்சி பெரிய கடை வீதியிலேயே நாணயம் போட்டுச் சுற்றினார்கள். சித்தி வீட்டில் சாப்பாடும் ஆச்சு. இதுவும் செல்லுபடியாகும் லேப்தான். வெளியூர் கட்டாயமில்லை.

கடைசியாகப் போலியாவுக்கு வருவோம். காட்டில் அவருக்கு வந்த கேள்வி இரண்டு பேர் சந்திப்பதைப் பற்றியது, ஞாபகம் இருக்கா? ஒரே முனையில் பிரிந்த இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கமாக இஷ்டத்துக்கு நடந்தாலும், தளத்தில் மறுபடி சந்தித்தே தீருவார்கள். நிகழ்தகவு 1. மே மாதம் நாங்கள் ஹாஸ்டலைக் காலி செய்யும்போது இதை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் யூனிட் 2-இன் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். காத்திருக்கும் சராசரி நேரம் முடிவிலி. தேற்றத்தை நம்பிச் சும்மா இருந்தால் கல்யாணப் பத்திரிகையில்தான் சந்திப்போம். அதனால் நாங்கள் ஒரு தேதி குறித்திருக்கிறோம். எங்கே என்று மட்டும் குறிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் எது முதலில் கிளம்புதோ அது.

மாதிரி கேள்வித்தாள்

பகுதி அ (ஒவ்வொன்றும் 2 மதிப்பெண்)

1. "வடக்கு ஆவணி மூல வீதி" என்ற பெயரில் கோணம் எது, தூரம் எது?
2. 225 முனைகள் இஷ்டத்துக்குத் திரும்பிய ஒருவர் ஏறத்தாழ எத்தனை தெரு தள்ளி இருப்பார்?
3. செங்கல் வளைவைத் தாங்கும் தூண் ஏன் குண்டாக இருக்கிறது?

பகுதி ஆ (13 மதிப்பெண்)

4. உங்கள் ஊரில் பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம் ஆகிய ஐந்தையும் நடந்து கண்டுபிடித்து, மேப்பைப் பார்க்காமல் படம் வரைக.

பகுதி இ (15 மதிப்பெண், கட்டாயம்)

5. உங்க ரூமில், கிளாஸில், பக்கத்து பெஞ்சில் நீங்க ஹெட்போன் மாட்டிக்கொள்ளும் அந்த ஒருத்தர் யார்? அடுத்த சனிக்கிழமை அவருக்கு என்ன வேலை? விடையை எங்களுக்கு அனுப்ப வேண்டாம். அவர்கிட்டயே கேளுங்க.